பேச்சியின் முழங்கையை நான் பார்க்கவில்லை

போன வாரம் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் பாலக்காட்டில் என் வீட்டுக்கு வந்து ஒரு எக்ஸ்ரே படத்தை நீட்டினார். ஏழு வயதுப் பையன், முன்கையில் எலும்பு முறிவு. "மாவுக்கட்டு போட்டாச்சு சார், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு இருந்தது, முன்கை இருந்தது. முழங்கைக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே படம் முடிந்துவிட்டது. முழங்கை எங்கே என்று கேட்டேன். "அங்கே அவனுக்கு வலி இல்லை சார்" என்றார். நான் கத்திவிட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். வந்தவர் காபியை முழுதாகக் குடிக்காமலேயே போய்விட்டார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் ஏன் கத்தினேன் என்று உங்கள் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கோபத்தில் முக்கால் பங்கு, ஐம்பதுகளில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்தொன்பது வயது டாக்டர் ஒருவன் மேல். அவன் நான்தான்.

மலைக்குப் போவதற்கு முன் இரண்டு வருஷம் முதலமடைப் பக்கம் வேலை பார்த்தேன். அங்கே கை உடைந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. மாமரம், புளியமரம், கிணற்று மேடு என்று எதிலிருந்தாவது விழுவார்கள். அப்பன்காரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமரத்துல இருந்து உழுந்துட்டானுங்க. ஏறாதடான்னா கேக்கோணுமில்லீங்க" என்று பிள்ளையையே இரண்டு திட்டுத் திட்டுவார். நடந்தது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அந்த ஊரில் எலும்பு முறிவைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

மலையில் காரணம் இருந்தது. எஸ்டேட்டில் யாருக்கு அடிபட்டாலும் ஃபீல்டு ஆபீசிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். பெயர், லயத்து எண் (கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்தான் லயம்), அடிபட்ட விதம், மூன்றே வரி. பிள்ளைகள் என்றால் மூன்றாவது வரி எப்போதும் ஒன்றுதான்: லயத்தில் விளையாடும்போது விழுந்தது. பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால், காகிதத்தில் எந்தப் பிள்ளையும் வேலை செய்யவில்லை. வேலை செய்யாத பிள்ளைக்கு வேலையில் எப்படி அடிபடும்? விரல் நசுங்கிய பையன் வருவான், காயத்துக்குள் தேயிலைச் சாறு பச்சையாக அப்பியிருக்கும், துண்டில் லயத்தில் விழுந்ததாக எழுதியிருக்கும். முதுகில் பிரம்புத் தடத்தோடு ஒருத்தி வருவாள், அவளும் விழுந்தவள்தான். ஆறு மாதத்தில் அந்தத் துண்டுகளைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிய ஆரம்பித்துவிட்டது. படிப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு மழைக்காலத்து முற்பகலில் சுடலைமுத்துக் கங்காணி ஒரு சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கங்காணி என்றால் கொழுந்தெடுக்கும் ஆட்களை மேய்க்கிறவன். இவனுடைய கைக்கம்புக்கு அந்த மலையில் தனிப் பெயரே இருந்தது. பின்னாலேயே சிறுமியின் தாய் மாரியம்மாள் நனைந்துகொண்டு ஓடி வந்தாள். சிறுமியின் பெயர் பேச்சி, வயது ஒன்பது. வலது முன்கை வளைந்து வீங்கியிருந்தது.

கங்காணிக்கு வாய் குழறிற்று. "அய்யா, நான் ஒண்ணும் செய்யல. கொய்யா மரத்துல இருந்து விழுந்துட்டு. நாந்தான் தூக்கியாந்தேன்." கேட்காமலே ஒருவன் நான் ஒன்றும் செய்யவில்லை என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. துண்டை நீட்டினான். வாங்கி மேசை மேல் எறிந்தேன்.

தொழிற்சாலை எஞ்சின் ஓடும் நேரத்தில்தான் எங்கள் எக்ஸ்ரேக்கு மின்சாரம் கிடைக்கும். அன்று ஓடியது. முன்கையை மட்டும் படம் எடுக்கச் சொன்னேன். அல்னா, அதாவது சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, மேல்பாதியில் முறிந்திருந்தது. கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் முறியவில்லை. ஒற்றை எலும்பு. படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது; வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான். ஏனென்றால் கம்படியைத் தடுக்கக் கையை உயர்த்தினால் முதலில் அடி வாங்குவது அல்னாதான். திருடன் கையும் களவுமாகச் சிக்கிவிட்டான் என்று நினைத்தேன்.

பேச்சியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "கங்காணி அடிச்சாரா?" என்று கேட்டேன். அவள் என்னையும் என் வெள்ளைக் கோட்டையும் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அடிக்கலைங்கய்யா" என்றாள் மாரியம்மாள். "கொய்யா பறிக்கக் கொப்புல ஏறுனா. வழுக்கிட்டு. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

"பயப்படாதேம்மா. நான் இருக்கேன்" என்றேன்.

"பயமில்லய்யா, நெசத்தச் சொல்லுதேன்."

அவள் சொல்லச் சொல்ல, பாவம் எவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கங்காணி உண்மை சொன்னான், தாய் உண்மை சொன்னாள், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அந்தத் துண்டும் உண்மை சொன்னது. மூன்றையும் நான் பொய்க்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். நான் நம்பியது, நானே கேட்டு நானே ஆட்ட வைத்த ஒரு தலையாட்டலை.

முறிந்தது முன்கை எலும்புதானே என்று முழங்கைக்குக் கீழோடு நிறுத்தி மாவுக்கட்டுப் போட்டேன். அன்று மாலையே மேனேஜர் துரைக்கு நாலு பக்கம் எழுதினேன். யூனியன் செயலாளருக்கு ஒரு நகல். பதினைந்து வருஷமாக அந்தக் கம்பைப் பற்றி எழுதிக் கொடுக்க ஒரு டாக்டரும் முன்வந்ததில்லை என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கங்காணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். லேபர் ஆபீசர் வந்து விசாரிப்பதாக ஏற்பாடு. நான் லயத்துப் பக்கம் நடந்தால் பெண்கள் எழுந்து நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது நாள் மாரியம்மாள் வந்தபோது நான் விசாரணை விஷயமாகத் துரையின் ஆபீசில் இருந்தேன். கம்பவுண்டர் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். பத்தாவது நாள் வந்தாள். "அய்யா, முழங்கைல ஒரு முட்டு நிக்குது" என்றாள். வீக்கம், இறங்கிவிடும் என்றேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் கேட்டதெல்லாம், யாராவது வந்து மிரட்டினார்களா என்பதுதான்.

பதினேழாவது நாள் மூன்றாவது தடவையாக வந்தாள். இந்தத் தடவை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சியை என் மேசைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு சட்டைக் கையையும் மேலே சுருட்டி, இரண்டு முழங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் மடக்கி வைத்தாள். இடது கை தோளைத் தொட்டது. வலது கை பாதியில் நின்றது. மடிப்பின் முன்பக்கம் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது.

"ரெண்டு கையையும் பாருங்கய்யா. பொறவு பேசுங்க" என்றாள்.

பார்த்தேன். அதற்கு எக்ஸ்ரே தேவையே இருக்கவில்லை. முன்கையின் இரண்டு எலும்பும் மேலேயும் கீழேயும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்று முறிந்து வளைந்து குறுகினால் இன்னொன்று முறிய வேண்டும், அல்லது எங்காவது மூட்டை விட்டு நழுவ வேண்டும். நம் தொழிலில் முதல் வருஷத்துப் பாடம் இது. பேச்சியின் ரேடியஸ் முழங்கை மூட்டிலிருந்து முன்னால் நழுவி, பதினேழு நாளாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. மரத்திலிருந்து கையை ஊன்றி விழுகிற பிள்ளைக்கு நடப்பது இதுதான். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் முழங்கையைப் படம் எடுத்தேன். எனக்குத் தண்டனை கொடுப்பதுபோல அது தெளிவாக இருந்தது.

முதல் நாளில் பார்த்திருந்தால் மயக்கம் கொடுத்து, இழுத்து, அல்னாவை நேராக்கினால் அது தானாகவே உள்ளே போயிருக்கும். கத்தியே வேண்டாம். மூன்று வாரம் தாண்டினால் எலும்பு கூடிவிடும், மூட்டுக்குழியில் சதை நிரம்பிவிடும், அப்புறம் அந்தக் கை முழுதாக மடங்காது, உள்ளங்கை மேலே திரும்பாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வலது கை. எனக்கு மிச்சம் இருந்தது நாலு நாள்.

மயக்கம் கொடுக்கிற ஈத்தர் பாட்டிலை எடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானே இழுத்துப் பார்த்தால் என்ன? உள்ளே போய்விட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கடைசி வாக்கியம் மனதில் ஓடியதும்தான் பாட்டிலைத் திரும்ப வைத்தேன். பேச்சிக்கு நல்லது என்பதற்காக அதை எடுக்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அப்போது மதுரையில் இருந்தார். குமுளி வழியாகப் போனால் ஒரு நாள் பயணம்.

மதியம் யூனியன் செயலாளர் வந்தார். பேச்சியை மதுரைக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று கேள்விப்பட்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, "டாக்டர் சார், ஒரே ஒரு வாரம் பொறுங்க" என்றார். "வியாழக்கிழமை லேபர் ஆபீசர் வாராரு. புள்ள இங்க இருந்தாத்தான் கேஸு நிக்கும். அது ஒரு தலைய ஆட்டுனாப் போதும்."

"அவன் அடிக்கவில்லை" என்றேன். "அவள் விழுந்திருக்கிறாள். நான்தான் தப்பாகச் சொன்னேன்."

"இந்தப் புள்ளைய அடிக்கல, சரி. மத்த புள்ளைகள அடிச்சிருக்கான்லா? அது பொய்யா சார்? என் பொஞ்சாதி முதுகுல இன்னும் தடம் இருக்கு."

அது பொய்யில்லை. அந்த மனிதரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள்; அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் ஒரு வாரம் என்று அவர் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. அந்தப் பிள்ளையின் கையை ஒரு பக்கம் துரை காகிதத்தில் மறைக்கப் பார்க்கிறார், இன்னொரு பக்கம் இவர் காகிதத்தில் காட்டப் பார்க்கிறார், நடுவில் நான் அதை வைத்துப் பெயர் வாங்கியிருக்கிறேன். அது மடங்குகிறதா என்று கவலைப்பட்டவள் மாரியம்மாள் ஒருத்திதான். அவரை வெளியே போகச் சொன்னேன்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "ஏறத்தாழப் பத்து நாட்களுக்கு முன்" என்று பேனா எழுதிற்று. "கடும் வீக்கத்தால் மூட்டு நழுவியது ஆரம்பத்தில் புலப்படவில்லை" என்று அடுத்த வரி. படித்துப் பார்த்தேன். நல்ல கடிதம், நம் தொழிலில் தினமும் எழுதப்படுகிற கடிதம். நானும் ஒரு துண்டு எழுதியிருக்கிறேன் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பத்து நாள் என்று நம்பி அவர் கையால் இழுத்துப் பார்த்திருந்தால் இருக்கிற நரம்பும் போயிருக்கும். கிழித்துப் போட்டுவிட்டு, பதினேழு நாள், முழங்கையை நான் பரிசோதிக்கவில்லை, தாய் இரண்டு முறை வந்தும் கவனிக்கவில்லை என்று எழுதினேன். இவ்வளவு சின்னக் கடிதத்தை எழுத எனக்கு அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் எஸ்டேட் லாரியில் குமுளிக்கு இறங்கினோம், அங்கிருந்து பஸ். பேச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். "அன்னைக்கு ஏன் தலையாட்டினே?" என்று கேட்டேன். அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"ஆமான்னு சொல்லணும்னுதான கேட்டிய" என்றாள்.

மாரியம்மாள் அவள் தொடையில் லேசாகத் தட்டினாள்.

பேராசிரியர் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார். மறுநாள் காலை மூட்டைத் திறந்து, அல்னாவை மறுபடி உடைத்து நேராக்கி, ரேடியஸை அதன் இடத்தில் உட்கார வைத்தார். நான் எதிரில் நின்று சதையை விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை கழுவும்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தார். "யார் அடிச்சான்னு உன்னை யாரு கேட்டா? கை எப்படி இருக்குன்னுதானே கேட்டா?"

அதில் பாதிதான் சரி. அன்றும் எனக்கு ஒப்புதல் இல்லை, இன்றும் இல்லை. யார் அடித்தார்கள் என்று டாக்டர் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் மாவுக்கட்டு மட்டும் போட்டு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் முதலில் மேல் மூட்டைத் தொட்டுப் பார், கீழ் மூட்டைத் தொட்டுப் பார், மறு கையோடு வைத்துப் பார், பெற்றவள் சொல்வதைக் கேள். அப்புறம் கோபப்படு. நீங்கள் கோபமே படாதவர்களாக இருப்பதுதான் உத்தமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கோபத்தில் தப்பில்லை. அதை எக்ஸ்ரேக்கு முன்னால் கொண்டுவந்ததுதான் தப்பு.

வியாழக்கிழமை விசாரணையில் எல்லோர் முன்னாலும் எழுந்து, பேச்சி மரத்திலிருந்து விழுந்தாள், கங்காணி அவளை அடிக்கவில்லை, நான் எழுதிக் கொடுத்தது தவறு என்று சொன்னேன். யூனியன் செயலாளர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது சுடலைமுத்து வழியில் நின்றான். "ஒரு மைலு தோள்ல தூக்கியாந்தேன்யா" என்றான். அது மட்டும்தான் சொன்னான். மறுநாள் கம்போடு வேலைக்குப் போனான்.

பேச்சியின் கை மடங்கிற்று. உள்ளங்கை முக்கால்வாசி திரும்பிற்று. சோறு அள்ளலாம், எழுதலாம், கோயிலில் திருநீறு வாங்கும்போது மட்டும் தோளைச் சாய்க்க வேண்டியிருந்தது. அந்தக் கால்வாசி என்னால் போனது. மாரியம்மாள் ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை, அதை நான் ஒரு ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களில் ஒருவர் மேல் கத்தியிருக்க மாட்டேன்.

நாலு மாதம் கழித்து முருகாயி என்று ஒரு பெண் வந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். இடது முன்கை. இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முழங்கையைத் தொட்டேன், மணிக்கட்டைத் தொட்டேன், மறு கையோடு வைத்துப் பார்த்தேன், இரண்டு மூட்டும் தெரிய இரண்டு கோணத்தில் படம் எடுத்தேன். ரேடியஸ் மேலும் கீழும் அதன் இடத்தில் இருந்தது. அல்னா மட்டும் நடுவில் குறுக்காக முறிந்திருந்தது. அதற்கு நேர் மேலே தோலில் விரல் பருமனுக்கு ஒரு நீலத் தடம். எல்லாம் முடிந்த பிறகுதான், "என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன்.

"கங்காணி கம்பால அடிச்சாரு" என்றாள். அவள் தாய் அவசரமாக அவள் வாயைப் பொத்தினாள்.

படத்தை எடுத்துக்கொண்டு துரையின் ஆபீசுக்குப் போனேன். நீட்டினேன். அவர் கையை நீட்டவே இல்லை. "போன தடவையும் இப்படித்தான் ஒரு படத்தோடு வந்தீர்கள், டாக்டர்" என்றார். யூனியன் ஆபீசுக்குப் போனேன். செயலாளர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "எங்களால இன்னொரு தடவ ஆவாது சார். டாக்டரே மாத்திச் சொல்லுவாருன்னு இப்பல்லாம் சின்னப் புள்ளகூடச் சொல்லுது" என்றார். நான் எழுதிய கடிதத்துக்கு லேபர் ஆபீசரிடமிருந்து பதில் வரவே இல்லை.

நான் சரியாகப் பார்த்த கை அது. முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டேன், வாரா வாரம் படம் எடுத்தேன், எலும்பு நேராகக் கூடிற்று. ஒரு குறையும் சொல்ல முடியாது. கட்டைப் பிரித்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சுடலைமுத்து முன்னால் போனான், அவனுக்குப் பின்னால் கொழுந்தெடுக்கிற பெண்கள் வரிசையாகப் போனார்கள். அந்த வரிசையில் முருகாயி இருந்தாள். என்னைத் தாண்டும்போது, நான் குணமாக்கிய அந்தக் கையை உயர்த்தி எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனாள்.